மலைக்கு மண் ஏற்றிப் போன வண்டி

எங்காவது கிளம்பும்போது "கூட வா சாமி" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான். நான் திரும்பி வரும்போதும் ஒரு தரம் கூப்பிடுவேன். திருக்கோவிலூர் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிற இடத்தில்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டு முணுமுணுப்பேன். "காலையிலதான் கூப்ட்டாச்சே, மறுபடி இன்னாத்துக்கு?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு லாரியில் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா சொந்தமாக ஒரு பழைய ஆறு சக்கர லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்குகிற காலத்தில் மேலே லோடு ஏற்றிக்கொண்டு கீழே இறங்கி, சின்னசேலம் பக்கத்தில் இருந்த ஜவ்வரிசி மில்லில் கொட்டிவிட்டு வருவார். அதற்காகவே வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு சின்ன ஊரில் வூடு எடுத்துக் குடியிருந்தோம்.

லாரியின் பின்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். சுமையைத் தாங்குவதும் அதுதான், பள்ளம் மேட்டில் குலுக்கலை வாங்கிக்கொள்வதும் அதுதான். அந்த வருடம் கிழங்கு நல்ல விளைச்சல். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லோடோடு திரும்பும்போது ஒரு பட்டை ஒடிந்து வண்டி சாய்ந்துவிட்டது. பள்ளத்துப் பக்கம் சாயாமல் பாறைப் பக்கம் சாய்ந்ததால் அப்பா எங்களுக்கு மிஞ்சினார். முனியப்பன் செயல் என்று அம்மா அந்த வளைவு இருக்கும் திசையைப் பார்த்தே கும்பிட்டாள்.

கள்ளக்குறிச்சியில் பட்டை வேலைக்கென்றே பட்டறை வைத்திருந்த ஒரு பாய் இருந்தார். அவர் ஒடிந்ததை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார். அதோடு நிற்காமல், கனமான பட்டை இரண்டைக் கூடுதலாகவும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். "இனிமே யானைய ஏத்தினு போ தம்பி, வண்டி குனியாது" என்றாராம். வண்டி பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நானும் அவர் பின்னாலேயே சுற்றினேன்.

அந்த நிமிர்ந்த வண்டியிலிருந்துதான் நான் விழுந்தேன். லோடு மேலே ஏறாதே என்று சொல்லியும் கேட்காமல் கிழங்குக் குவியலில் ஏறி, சறுக்கி, பாறையில் விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலும் கிழிந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, காயத்துக்கு மருந்து வைப்பதற்காகக் அந்த மாவுக்கட்டிலேயே ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் வெட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள். டவுனில் தங்குவதற்கு எங்களுக்கு மனிதர் கிடையாது. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் லோடோடு என்னையும் ஏற்றிக்கொண்டு அப்பா இறங்குவார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் என்னைப் படுக்கவைத்து, அம்மா காலைப் பிடித்துக்கொள்வாள். எங்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அப்பா மில்லுக்குப் போய், லோடு இறக்கி, காலி வண்டியோடு வந்து கூட்டிப்போவார்.

இதில் ஒரு அதிசயத்தை நான் கண்டுபிடித்தேன். மலை இறங்கும்போது கால் அவ்வளவாக வலிப்பதில்லை. தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி வண்டி அசைந்து அசைந்து போகும், நான் தூங்கிவிடுவேன். ஏறும்போதோ உயிர் போகும். சின்னக் கல் மேலே டயர் ஏறினாலும் வண்டி என்னைத் தூக்கித் தூக்கிப் போடும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். அதே ரோடு, அதே வண்டி, ஓட்டுவதும் அதே அப்பா.

வாரம் முழுக்கப் படுத்துக் கிடந்த எனக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. யோசித்துக் காரணத்தையும் கண்டுபிடித்தேன். எங்கள் தெருமுனையில் முனியப்பன் இருந்தார். வேல் நட்ட ஒரு கல்தான் கோயில். மலை இறங்குகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது. அப்பாவும் நிறுத்தி, முன்டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, "கூட வாப்பா" என்று வாய்விட்டுக் கூப்பிடுவார். அப்படியானால் சாமி நம்மோடு ஏறிக் கள்ளக்குறிச்சி வரைக்கும் வருகிறது. அங்கே இறங்கிவிடுகிறது. திரும்பும்போதுதான் அதை யாரும் கூப்பிடுவதில்லையே. கூப்பிடாத வண்டியில் சாமி எப்படி ஏறும்?

இதை நான் உடனே யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் செய்கிற பூஜையில் குறை சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். எலும்பு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, இன்னொரு தடவை நகர்ந்தால் கால் கட்டையாகிவிடும், குலுக்காமல் கொண்டுபோங்கள் என்றார். கிழங்கைக் கொட்டிவிட்டு வந்த அப்பாவிடம் அம்மா இதைச் சொன்னதும் அவர் வண்டியை நேரே பாயுடைய பட்டறைக்கு விட்டார்.

பட்டறையில் ஒரு கயிற்றுக் கட்டிலில் என்னைக் கிடத்தினார்கள். பாய் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பட்டை நல்லாத்தான் இருக்குது தம்பி. நீ மெதுவா ஓட்டு, அவ்ளோதான்."

"இதுக்கு மேல மெதுவா ஓட்டினா வண்டி பின்னாலதான் போவும் பாய்" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பாவுக்கு ஒழுங்காக் கூப்பிடத் தெரியல" என்று சொல்லிவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். பாய் தடுத்து, கட்டில் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"யாரைக் கூப்பிடத் தெரியல பாப்பா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். இறங்கும்போது வலிக்காததையும், ஏறும்போது வலிப்பதையும், முனியப்பன் இங்கே இறங்கிக்கொள்வதையும், திரும்பும்போது யாரும் கற்பூரம் கொளுத்தாததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டிருந்த பாய் பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எறங்கும்போது வலிக்கவே இல்லியா?"

"தூங்கிடுவேன்."

பாய் எழுந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "யா அல்லா. குழந்தை சொல்றது கரெக்ட்டு தம்பி. தப்பு நான் செஞ்சது. நீ லோடு ஜாஸ்தின்னு சொன்னே, நான் லோடை மட்டும் நெனச்சுப் பட்டை கட்டினேன். காலி வண்டியைக் கணக்குல எடுக்கல."

அப்புறம் இரண்டு பேரும் வண்டிப் பக்கம் தள்ளிப்போய்ப் பேசினார்கள். அம்மா எனக்கு மாத்திரை கொடுத்தாள். நான் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிழங்குக்கு வைத்திருந்த சாக்குகளிலெல்லாம் மண்ணை அள்ளிக் கட்டி லாரியில் அடுக்கியிருந்தார்கள். பட்டறைக்குப் பின்னால் வாய்க்கால் தூர் வாரிக் கொட்டியிருந்த மண் அது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாமி ஏறப்போகிற வண்டியில் வாய்க்கால் சேற்று மண்ணா என்று அழுதேன். பாய் டீக்கடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து அப்பா கையில் கொடுத்தார். அப்பா கற்பூரம் கொளுத்தினார். "சத்தமாக் கூப்பிடு தம்பி, ஊட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் எறங்கக் கூடாது" என்றார் பாய். அப்பா கூப்பிட்டார். அவ்வளவு சத்தமாக அவர் சாமியைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அப்பாவுக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாபா இது, மண்ணா? மலையில மண்ணு தீந்துபோச்சா?"

"பொண்ணு வேண்டுதல்பா" என்றார் அப்பா.

"மலைக்கு மண்ணு சொமக்கறேன்னு எவனாச்சும் வேண்டுவானா? அடுத்த வாரம் இன்னா, ஆத்துக்குத் தண்ணி ஏத்தினு போவியா?"

டீக்கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். நான் அப்படி எதுவும் வேண்டிக்கொள்ளவே இல்லை. அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஆனால் மலை ஏற ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துவிட்டது. வண்டி தூக்கிப் போடவில்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பட்டை ஒடிந்த அந்த வளைவு எல்லாம் தாண்டியும் தூக்கிப் போடவில்லை. இறங்கும்போது ஆடுகிற மாதிரியே அசைந்து அசைந்து ஏறியது. "பாத்தியா, சாமி ஏறியிருக்கு" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். சாமிக்கு இடம் வேண்டுமென்று அவளை ஓரமாக நகரச் சொன்னேன். நகர்ந்தாள். டீக்கடையில் வாங்கிய வடையில் பாதியைப் பிட்டு அந்தக் காலி இடத்தில் வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் வேலையை முடித்துக் கொடுத்தார். கூடுதலாகச் சேர்த்த கனத்த பட்டை இரண்டையும் அடுக்கிலிருந்து பிரித்து, மேலே தனியாக ஏற்றினார். அடிச்சட்டத்தில் அவற்றுக்கென்று தாங்கி அடித்து, பட்டைக்கும் தாங்கிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டார். வண்டி காலியாக இருக்கும்போது கீழடுக்கு மட்டும் மெத்தென்று வேலை செய்யும். லோடு ஏறி வண்டி அமுங்கினால்தான் மேல்பட்டை தாங்கியில் முட்டித் தோள் கொடுக்கும். லோடும் குறையவில்லை, குலுக்கலும் போனது. தன் தப்பைத் தானே சரிசெய்வதாகச் சொல்லிச் செய்து கொடுத்தார் அந்தப் புண்ணியவான். இரண்டு மாதத்தில் எலும்பு சேர்ந்தது. இன்றைக்கு வரைக்கும் இரண்டு காலும் ஒரே அளவாக நடக்கிறேன். தினமும் விளக்கேற்றும்போது முனியப்பனோடு சேர்த்து அந்த பாயையும் நினைத்துக்கொள்கிறேன். அவருடைய சாமி என்மேல் கோபித்துக்கொள்ளாது.

இந்த விவரமெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது என் மகளுக்குக் காது குத்துகிற அன்றைக்குத்தான். சேர்த்துக் கட்டிய கனத்த பட்டை சுமை இருந்தால்தான் வளைந்து கொடுக்கும், காலி வண்டியில் விறைத்துக்கொண்டு தூக்கிப் போடும் என்றாள். அன்றைக்கு மலைக்கு ஏற்றிப்போக வேறு லோடு எங்கே கேட்டும் கிடைக்காததால், என் ஒருத்தியின் காலுக்காக அப்பாவும் பாயும் அறுபது மூட்டை மண் அள்ளினார்கள் என்றாள். அந்த மண்ணை எங்கள் வாசலில்தான் கொட்டினார் அப்பா. கட்டுப் பிரித்த பிறகு நான் நடக்கப் பழகியது அந்த மெத்தென்ற மேட்டில்தான். நான் விழுந்தால் வலிக்கக் கூடாது என்றுதான் அப்பா மண் கொண்டுவந்தார் என்று வெகு நாள் நினைத்திருந்தேன்.

அதைக் கேட்டதிலிருந்து ஒன்று மட்டும் என்னை விடாமல் இருக்கிறது. அன்றைக்கு வூடு வந்து சேர்ந்ததும் அப்பா என்னைத் தூக்க வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தார். துணியில் ஈரமும் மண்ணும் ஒட்டியிருந்தன. முதுகில் பட்டதும் எனக்கு உறுத்தியது.

"உன் கை சொரசொரன்னு குத்துதுப்பா. நீ வேணாம், அம்மா தூக்கட்டும்" என்றேன்.

"சரி தாயி" என்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மா என்னைத் தூக்குவதற்கு வழிவிட்டு நின்றார்.