ஒரு வீடு கூட்டிப் போட்ட கோடு

குருசுக்குப்பத்தில், கடற்கரையிலிருந்து மேலேறும் எங்கள் சந்தில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் ஓய்ந்ததும், படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டோடு கிளம்புவாள். அலை எந்த வீடு வரை ஏறியதோ, அதற்கும் மேலே ஒரு வீட்டைச் சேர்த்து, அதன் மேல்பக்கச் சுவரில் கோடு போடுவாள். அடுத்த மழைக்குக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வீடுகளில் பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கூடாது. சந்தே கேலி செய்யும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் மழை பிடித்தால் எல்லாரும் பிள்ளைகளைப் பாயோடு மேல் வீடுகளுக்கு அனுப்பிவிடுவோம்.

“எதுக்குக்கா ஒரு வீடு கூட்டிப் போடுற?”

“கடலு இன்னா நம்மள கேட்டுக்கினா வருது?”

அப்போது நான் ஆய்வு மாணவி. கருத்தரங்கில் வாசிக்க வேறு எதுவும் சிக்காமல், அவளுடைய கோடுகளை அளந்து கட்டுரை எழுதினேன். ஒரு வீடு கூட்டித்தான் போடுகிறாள் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் அறிவியல் மாதிரி இருக்காதே என்ற பயம்.

கருத்தரங்கில் பாதிப் பேர் தூங்கினார்கள். தூங்காத ஒருவர் பத்திரிகையில் எழுதினார். பிறகு டிவிக்காரர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், அவளுக்கு ஒரு சால்வை, எனக்கு அலை எல்லையை முடிவு செய்யும் குழுவில் ஒரு நாற்காலி. கடைசி நீலக் கோடு இருந்த இடத்தில் நம்பர் போட்ட சிவப்புக் கல் நட்டு, அதற்குக் கீழே யாரும் குடியிருக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வருஷம் கூட்டிப் போட்ட வீடு அக்காவின் வீடுதான்.

விசாரணைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். “அது நான் சும்மா கூட்டிப் போட்டதுங்க. எங்க வூட்டுக்குத் தண்ணியே வர்லீங்க. இதோ, இந்தத் தங்கச்சிக்குத் தெரியும்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். என் கட்டுரை அவர் முன்னால் கிடந்தது. ஆமாம் என்றால் கட்டுரையும் போகும், நாற்காலியும் போகும்.

“கட்டுரையில அப்படி எதுவும் இல்ல சார்” என்றேன்.

அவளுக்கு உழவர்கரைப் பக்கம் மூன்றாம் மாடியில் வீடு ஒதுக்கினார்கள். நானும் டவுனுக்குள் குடிமாறிவிட்டேன். கல் இருக்கிறது என்று அதன் பிறகு யாரும் அலையைப் பார்த்துக் கோடு போடுவதில்லை. கல்லுக்கு மேலே இருப்பவர்கள் கவலையே இல்லை என்று தூங்குகிறார்கள்.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. அக்கா போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“தங்கச்சி, தண்ணி இந்த வாட்டி கல்லத் தாண்டிடும்னு தோணுது. கல்லுக்கு மேல் வூட்டுல ஒரு கைக்கொழந்த இருக்குதே, மாத்திட்டாங்களா?”

நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“மாத்திட்டாங்கக்கா” என்றேன்.