சந்து முனையில் ஒரு பெஞ்ச் மார்க்

சாக்கடை கட்டி முடித்தபின் முதல் மழை பெய்த மறுநாள், ஆபீசுக்குள் நுழையும்போதே எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் கூப்பிட்டார்.

"என்னய்யா, தண்ணி மேட்டுக்கு ஓடுமாய்யா?"

"ஓடாது சார்."

"ஸ்ரீரங்கத்துல உன் சாக்கடையில ஓடுது. போய்ப் பாரு. சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா மெமோதான்."

எழுபதுகளின் கடைசி அது. நான் சர்வேயர், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மெமோ வாங்கினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எந்த இடம் எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று லெவல் கருவியால் பார்ப்பது. அதற்குத் தொடக்கப் புள்ளி பெஞ்ச் மார்க். ஒரு கல்லில் படுக்கைக் கோடு, அதன் கீழே மூன்று கீறல், அவ்வளவுதான். அந்தக் கல்லின் உச்சி எவ்வளவு உயரம் என்று ரிஜிஸ்டரில் இருக்கும். அதன் மேல் ஸ்டாஃப் என்கிற அளவுக் கட்டையை நிறுத்தி, மற்ற உயரங்களைக் கணக்கிடுவோம். திருச்சியில் சர்ச் படிக்கட்டிலும் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலும் இந்தக் குறிகள் உண்டு. தினமும் கடந்து போகிறவர்கள் கவனிக்க மாட்டார்கள். மலைக்கோட்டையை அண்ணாந்து பார்க்கிற ஊரில் நான் தரையைப் பார்த்தே நடந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் அந்தச் சந்து முனைக் கல்லை மட்டும் எல்லோரும் கவனித்தார்கள். வெளிக் கீறல் இரண்டுக்கும் வெள்ளை, நடுக் கீறலுக்குச் சிவப்பு. இரண்டு பக்கமும் சங்கு, சக்கரம் வரைந்து, மேலே துளசி மாலை போட்டிருந்தார்கள். எங்கள் ஆபீஸ் குறி அங்கே பெருமாள் ஆகியிருந்தது. வரைந்த கை யாருடையதோ, சக்கரத்தின் தீச்சுடர்கள்கூட அத்தனை நேர்த்தி.

சாக்கடைக்காக முதலில் லெவல் எடுக்கப் போன அன்று முனை வீட்டுக் கோமளம் மாமி வாசலுக்கு வந்தார்.

"செருப்பைக் கழட்டுங்கோ. பெருமாள் தலையிலயா கட்டையை வைக்கப் போறேள்?"

"அரை நிமிஷம்தான் மாமி."

கழற்றினேன். ஸ்டாஃப் பிடிக்கும் சந்தியாகு ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரும் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் கட்டையைத் தூக்கினார்.

எடுத்த லெவலை இன்னொரு பெஞ்ச் மார்க்கில் கொண்டு போய்ச் சரிபார்ப்பது விதி. அதற்கு டை பண்ணுவது என்று பெயர்.

"சார், வாய்க்கால் பாலத்துல டை பண்ணிட்டுப் போயிரலாமா?" என்றார் சந்தியாகு.

"கோயில் மாதிரி வச்சிருக்காங்க. இந்தக் கல்லைப் போயி யாருங்க அசைக்கப் போறா?" என்றேன். வெயில் வேறு. உண்மையைச் சொன்னால் சோம்பல்.

மழைக்கு மறுநாள் மாமி வீட்டு ரேழியில் சாக்கடைத் தண்ணீர். மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து வரும் பழைய சாக்கடை அவர் வாசலில்தான் எங்கள் புதுச் சாக்கடையில் சேர்கிறது. புதியது உயர்ந்து நின்றதால் தண்ணீர் அங்கேயே தேங்கிவிட்டது.

வாய்க்கால் பாலத்திலிருந்து லெவல் கொண்டு வந்தோம். ரிஜிஸ்டரில் இருப்பதைவிடக் கல் ஒன்றே கால் அடி உயரம். மறுபடி எடுத்தோம். அதே ஒன்றே கால் அடி. அந்தக் கல்லை நம்பிக் கட்டிய சாக்கடையும் அவ்வளவு உயர்ந்துவிட்டிருந்தது.

"மாமி, இந்தக் கல்லை யாராவது தொட்டாங்களா?"

"தொடறதாவது! ரோடு போட்டுப் போட்டு ஒசந்து, பெருமாள் காலடிக்குப் போயிட்டார். தெருவே சேர்ந்து மேடை கட்டி மேலே ஏளப்பண்ணினோம். சம்ப்ரோக்ஷணம்கூடப் பண்ணியாச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மாமி."

"நீங்க கேக்கலையே. செருப்பைக் கழட்டச் சொன்னேன், கழட்டினேள். கேட்டிருந்தா இதையும் சொல்லியிருப்பேன்." வாளியைக் கீழே வைக்காமலேதான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் நடந்ததைச் சொன்னேன். இன்ஜினியரின் கோபம் கல்லின் மேல் திரும்பியது.

"ஆளைக் கூட்டிட்டுப் போயி அதைப் பிடுங்கி எறி!"

நான் தலையாட்டியிருந்தால் பழி கல்லோடு போயிருக்கும்.

"கல்லு மேல தப்பில்லை சார். டை பண்ணாதது நான்தான்."

கல் பிழைத்தது. எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை, நிரந்தரமாவது மட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. சாக்கடையை இடித்து இறக்கிக் கட்டினோம். ரிஜிஸ்டரில் அந்தக் கல்லுக்கு எதிரே சிவப்பு மையால் எழுதினேன்: "வழிபாட்டில் உள்ளது. உபயோகிக்க வேண்டாம்." அதற்குப் பதிலாகத் தெருக்குழாயின் கருங்கல் தூணில் புதுக் குறி செதுக்க வைத்தேன்.

அடுத்த மழைக்கு முன் சரிபார்க்கப் போனபோது அந்தப் புதுக் குறியிலும் குங்குமம், ஒரு சாமந்திப் பூ. கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பே மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மாமி, இவரையும் மேலே ஏளப்பண்ற உத்தேசம் இருக்கா?"

மாமி கொஞ்சம் யோசித்தார். "இப்போதைக்கு இல்லை."

நன்றி சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, லெவல் எடுத்தேன். பிறகு வாய்க்கால் பாலம் வரை நடந்துபோய் டை பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.