தோபா கொண்டுவந்த ஓடு

குவென் பிறந்த மலையூரில் உப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பார்கள் என்று சொன்னால் அது குறைச்சல். கயிற்றில் கட்டிய உப்புக்கட்டியைக் கொதிக்கிற குழம்பில் ஒரு முக்கு முக்கி எடுத்து, மறுபடி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க அந்த ஒரே கட்டிதான். கல்யாணமாகி இந்த ஆற்றங்கரைக்கு வந்த அன்று, மீன்குழம்பை ஒரு வாய் வைத்ததுமே அவள் கண் கலங்கிவிட்டது. பிறந்த வீட்டு ஞாபகம் என்று எல்லோரும் தேற்றினார்கள். நாத்தனார் மிங்குக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. இன்னொரு அகப்பை ஊற்றிவிட்டுச் சிரித்தாள்.

அந்த உப்பிலேயே குவெனின் வாழ்க்கை ஓடியது. இரண்டு பெண்களைப் பெற்றாள். புருஷனை வெள்ளம் கொண்டுபோனது. அவன் உப்புக் காய்ச்சிய அடுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். உப்பு ஊற்றுநீரைப் பெரிய பானையில் சுண்டக் காய்ச்சி, அடி கூரான சின்னப் பானைகளில் ஊற்றி இறுகவைப்பாள். பிறகு அவற்றைச் சாம்பலில் வரிசையாக நட்டுவைப்பாள். உப்பிலிருக்கும் கசப்புநீர் பானைச் சுவர் வழியாகக் கசிந்து சாம்பலில் இறங்கும். அதற்குக் காத்திருக்கத்தான் பொறுமை வேண்டும்.

உப்பு பானையோடுதான் படகேறும். உடைப்பது வாங்குகிறவன் வீட்டில். உடைத்த பானையின் ஓடு ஒன்றைப் படகுக்காரன் திருப்பிக் கொண்டுவர வேண்டும். உப்பு நன்றாக இருந்தால் கரையிறங்கியதும் அதை அங்கிருக்கும் ஓட்டு மேட்டில் வீசிவிடுவான். அந்த மேடு இப்போது வீடுகளைவிட உயரம். கசந்திருந்தால் மேட்டுப் பக்கமே போகமாட்டான். நேரே வந்து, காய்ச்சியவள் அடுப்பில் ஓட்டைக் கவிழ்த்துவைப்பான். அதற்குப் பிறகு அந்த அடுப்பில் நெருப்பு கிடையாது. அந்த வீட்டார் ஊராருக்கு விறகு சுமக்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. சாம்பல் களியாகக் கிடந்தது. கசப்பு இறங்க இடமில்லை. குவென் வீட்டுத் தினைக்குதிரில் அடி தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் படகுக்காரன் தோபா முன்கூட்டியே வந்து நின்றான். மலையில் பன்றி அறுக்கப்போகிறார்கள், இறைச்சிக்கு உப்பு உடனே வேண்டும் என்றான். பானையைத் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கேம்மா" என்றான்.

"உப்பு நெறைய புடிச்சிருக்கு அண்ணே" என்றாள் குவென்.

அவன் தினையை இறக்கினான். பானைகள் மோதி உடையாமலிருக்கப் படகு நிறைய உமி பரப்பி, அதில் அவற்றைப் புதைத்து அடுக்கிக்கொண்டு போய்விட்டான். படகு வளைவில் மறைந்ததும், கசப்பு இறங்காத பானைகளையே விற்றுவிட்டதைக் குவென் மிங்கிடம் மட்டும் சொன்னாள்.

"எந்த ஊருக்குப் போற உப்பு அது?"

"எங்க ஊருக்குத்தான்."

"நல்லாருக்கு அண்ணி. பொறந்த வீட்டுக்கு ஒரு சீர் அனுப்பியிருக்கீங்க."

கேலி செய்தாளே தவிர, மறுநாளே தன் அடுப்படியில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்கி, இன்னொருத்தி உட்கார்ந்து காய்ச்சுகிற அளவுக்கு இடம் பண்ணினாள். குவென் கேட்டதற்கு, எலி வருகிறது என்றாள்.

மழை நின்று, ஆறு வடிந்து, தோபா வந்தான். கையில் ஓடு இருந்தது. ஓட்டு மேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே குவெனின் அடுப்பை நோக்கி நடந்தான். காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் கிளறுகிற துடுப்பை நிறுத்தினார்கள். குவென் எழுந்து, அடுப்பை மறைத்தாற்போல் நின்றாள்.

"ஏம்மா, என் உமிய என்ன பண்ணின?"

அவளுக்குப் புரியவில்லை.

பானைகளை இறக்கிய பிறகு உமியை அள்ளி வீட்டுப் பன்றிக்கு வைத்தானாம். அது ஒரு வாய் மென்று துப்பிவிட்டு, அன்று முதல் அவன் கையால் எது வைத்தாலும் முகத்தைத் திருப்புகிறதாம். பெண்டாட்டியும் பன்றியின் பக்கம்தானாம். சந்தேகப்பட்டுத் தானும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தானாம். "இன்னும் நாக்கு நிமிரல" என்றான்.

"உப்பு?" என்றாள் குவென்.

"உப்புக்கு என்ன? கல்லு மாதிரி காஞ்சு, வெள்ள வெளேர்னு இருந்துச்சு. ஒங்க ஊர்க்காரங்க நக்கிட்டுக் கண்ணத் தொறக்கவே இல்ல. நான் உமியப் பத்திக் கேக்குறேன்."

சாம்பல் குடிக்காத கசப்பைப் போகிற வழியெல்லாம் உமி குடித்திருக்கிறது. குவென் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தோபாவுக்குத் தெரியவில்லை. மிங்குக்குத் தெரிந்தது. அவள் ஒரு சாடி உப்புமீனைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். பன்றிக்கா என்று கேட்டான். பன்றி மன்னித்தால் அதற்கும் கொடு என்றாள்.

குவென் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அடுத்த தடவை உமி கூடுதலா கொண்டு வாங்க அண்ணே. மழைக்கு எனக்கு வேணும். பன்னிக்கு வைக்காதீங்க." பிறகு, போன தடவை கசப்பு இறங்காமலே பானைகளை விற்றதையும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான்.

"வாயில வச்சவங்க நல்லாருக்குன்னாங்க. நான் யாரு மாத்திச் சொல்ல" என்று முனகிவிட்டு, போகிற போக்கில் கையிலிருந்த ஓட்டை மேட்டில் வீசினான். அது உருண்டு, மற்ற ஓடுகளில் மோதி நிற்கிறவரைக்கும் குவென் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அடுப்பை ஊதினாள்.