டிரம்மில் எழுதிய பெயர்

பரமக்குடியில் பஸ் ஏறி, ஆர்.எஸ்.மங்கலத்தில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர் அது. அங்கே தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தேன். பதவியின் பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டே ஆசிரியர்கள். மணி அடிப்பதும் நான், அடித்த மணிக்கு யாரும் வரவில்லையே என்று வாசலில் நின்று கத்துவதும் நான். கண்மாய்க்கு மேற்கே மேலத்தெரு, நிலம் உள்ளவர்கள். கிழக்கே கீழத்தெரு, அந்த நிலத்தில் நாற்று நட்டுக் களை எடுப்பவர்கள். பள்ளிக்கூடம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

மேலத்தெருப் பிள்ளைகளில் பாதிப் பேரை இங்கிலீஷ் ஸ்கூல் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருந்தவர்கள்தான் என்னிடம் படித்தார்கள். அவர்களும் கீழத்தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள், ஆண்டு விழாவில் ஒரே வட்டமாய்க் கும்மி அடித்தார்கள். அதைப் பார்த்து எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் இருப்பதை என் பள்ளிக்கூட வாசலோடு நிறுத்திவிட்டேன் என்று மற்றப் பள்ளி ஆசிரியைகளிடம் பீற்றிக்கொள்வேன்.

பள்ளியின் பெரிய குறை தண்ணீர். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு ஓடுவார்கள். போனவர்களில் நாலு பேர் மத்தியானம்தான் திரும்புவார்கள், இரண்டு பேர் மறுநாள்தான். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி அழாத குறை. அந்தக் குழுவுக்கு ஒரு தாய்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தலைவி கீழத்தெருக்காரர். கூலிக்கு நடவு நடப் போகிறவர். மகள் என்னிடம் நாலாம் வகுப்புப் படித்தாள். பாடமெல்லாம் சுமார்தான், ஆனால் கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவள் அவள். மேலத்தெருக் கணக்கப்பிள்ளை வீட்டுப் பேத்தி அவளை விட்டு இம்மி நகர மாட்டாள். கழிப்பறைக்குக்கூட இரண்டும் சேர்ந்துதான் போகும்.

தலைவிதான் ஒரு கூட்டத்தில் எழுந்து, "டீச்சர், பக்கத்தூர்ல எல்லாம் கல்விச் சீர் எடுக்குறாங்க. நம்மளும் எடுப்போம்" என்றார். சடங்கு வீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டு போவது போல, ஊரே மேளத்தோடு பள்ளிக்கூடத்துக்குச் சாமான்கள் கொண்டு வந்து கொடுப்பதுதான் கல்விச் சீர். அந்த அம்மா வேலை முடித்து வந்த கையோடு இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போனார். மேலத்தெருவில் வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். நானும் ஒருநாள் கூடப் போனேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்கார்ந்தேன்.

சீர் அன்று அவர் ஓர் ஏற்பாடு செய்தார். அவரவர் கொடுக்கும் சாமானை அவரவர் தலையில் தூக்கி வருவதுதான் வழக்கம். இவரோ, "கனத்த சாமான்லாம் இருக்கு, எல்லாத்தையும் ஒரே டிராக்டர்ல ஏத்திருவோம். பொம்பளைகள்லாம் பழத்தட்டு மட்டும் எடுத்துக்கிட்டு பின்னால வரட்டும்" என்று சொல்லிவிட்டார். சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. மின்விசிறி, சுவர்க்கடிகாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பாய், பீரோ எல்லாம் டிராக்டரில் குவிந்து வந்தன. அதில் ஒன்று குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் டிரம். பள்ளிக்கூடத் திடலில் இறக்கியபோது எது யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்காமல் என்ன செய்யும், இத்தனை வருஷத்தில் இரண்டு தெருவும் ஒரு மேளத்துக்குப் பின்னால் நடந்து நான் பார்த்ததே இல்லை.

டிரம்மில் தினமும் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றி வைத்தோம். எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று ஒரே டம்ளரில் பிடித்துக் குடித்தார்கள். இடைவேளையில் வீட்டுக்கு ஓடுவது நின்றது.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கை அரிக்கும். எங்கள் பக்கம் கோயிலுக்கு ஒரு சூலம் வாங்கிக் கொடுத்தாலும் அதில் உபயம் இன்னார் என்று எழுதாவிட்டால் கொடுத்ததாகவே கணக்கில்லை. கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமா என்று ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து ஒரு பெயின்டரை வரச் சொன்னேன். விசிறி இறக்கையில் ஒரு பெயர், பீரோவில் ஒரு பெயர், கடிகாரத்துக்குக் கீழே ஒரு பெயர். டிரம் யார் கொடுத்தது என்று தலைவியிடம் கேட்டேன். "எங்க நடவு செட்டுப் பொம்பளைக சேந்து வாங்குனது டீச்சர். பேரெல்லாம் வேணாம், இருக்கட்டும்" என்றார்.

அது அடக்கம் என்று நினைத்தேன். "மேலத்தெருக்காரங்க பேரெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. உங்க பேர் மட்டும் ஏன் ஒளியணும்? நிமிந்து நில்லுங்க" என்று ஒரு பிரசங்கம் செய்தேன்.

"வேணாம் டீச்சர்" என்று மறுபடியும் சொன்னார். சொல்லிவிட்டு நடவுக்குப் போய்விட்டார். நான் பெயின்டரிடம் சொல்லிச் சிவப்புப் பெயின்டில், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி எழுத வைத்தேன்: உபயம், கீழத்தெரு மகளிர்.

மறுநாள் எதுவும் இல்லை. அதற்கு மறுநாள் மேலத்தெருப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் தோளில் ஒரு வாட்டர் பாட்டிலோடு வந்தன. கணக்கப்பிள்ளை வீட்டுப் பேத்தி மட்டும் பாட்டிலைத் திறக்காமல் டிரம்முக்குப் போனாள். அவளுடைய அண்ணன் மூன்றடி பின்னாலிருந்து, "ஏய், அய்யா என்ன சொல்லிவிட்டாக?" என்றான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். வரிசையில் அடுத்து நின்றவள் தலைவியின் மகள். அந்த டம்ளரை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டேன்.

அந்த வாரமே கணக்கப்பிள்ளை வந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். "டீச்சரம்மா, யாரையும் நாங்க தப்பா சொல்லல. தெரியாம இருந்தவரைக்கும் சரி. இப்ப எழுதியே போட்டுட்டீங்க. சொந்தக்காரன் எவனாச்சும் வந்து பாத்தா எங்களுக்கு என்ன மரியாதை? அந்த டிரம்ம அங்கிட்டு எடுத்துருங்க. இல்லைன்னா நாங்க பிள்ளைகள வேன்ல ஏத்திக்கிடுறோம்" என்றார்.

முடியாது என்றேன். சட்டம் பேசினேன். புகார் கொடுப்பேன் என்றேன். அவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் மூன்று பேர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் வாங்காமலே நின்றுவிட்டார்கள். பெயின்டரைத் திரும்ப அழைத்து எழுத்தைத் துடைக்கச் சொன்னேன். தின்னரைப் போட்டுத் துடைத்ததில் எழுத்து போய் ஒரு சிவப்புத் தீற்றல் மிஞ்சியது. அதைப் பார்த்தாலும் எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரிந்துதான் இருந்தது.

பாய் பாதி காலியாகக் கிடந்தது. எண்ணிக்கை இப்படிக் குறைந்தால் இரண்டாவது ஆசிரியர் போய்விடுவார், அப்புறம் பள்ளியையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். கீழத்தெருப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும், அவர்களுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. என் பள்ளிக்கூடம் மூடப்பட்டது என்று நாளைக்கு நாலு பேர் சொல்வதை என்னால் தாங்க முடியாது. அதுதான் மூல காரணம். புகார் எதுவும் எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை போய், குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி டிரம்மை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை, சான்றிதழ் வாங்காமல் நின்ற மேலத்தெருப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கையோடு ஒரு மண்பானை வந்தது. அதை யார் கொடுத்தது என்று நான் எழுதவில்லை.

கணக்கப்பிள்ளை பேத்தி தலைவியின் மகளை விட்டு இரண்டு பாய் தள்ளி உட்கார்ந்தாள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. கும்மிக்கு ஆள் சேரவில்லை.

பத்து நாள் கழித்துத் தலைவி வந்தார். காலில் சேறு காயவில்லை, வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார். "பிள்ளைக்கு டீசி வேணும் டீச்சர். தங்கச்சிமடத்துல என் தங்கச்சி இருக்கா, மீன் கம்பெனிக்குப் போறா. அங்கன விட்டுட்டு வாரேன்."

நாலாம் வகுப்புப் பிள்ளையைத் தாயை விட்டு அவ்வளவு தூரம் அனுப்பாதீர்கள் என்றேன். டிரம்மை நாளைக்கே வெளியே எடுத்து வைக்கிறேன் என்றேன். தப்பு என் மேல்தான், மன்னித்துவிடுங்கள் என்றும் கேட்டேன். கேட்கும்போதே அவர் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

"டிரம் கிடக்குது டீச்சர். ராத்திரி தூங்கையில பிள்ள கேக்குறா, நம்ம தண்ணியில என்ன இருந்துச்சும்மான்னு. எல்லாத்தையும் ஒரே டிராக்டர்ல ஏத்துனது எதுக்குன்னு நெனச்சீங்க? அவ அப்படிக் கேக்கக் கூடாதுன்னுதான்."

சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்தேன். மகள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள், உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை. பள்ளியை விட்டு விலகும் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை அங்கே வைத்துக்கொண்டு, "என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"எழுதுறதெல்லாம் நீங்கதான டீச்சர்" என்றார்.

மேலத்தெருப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் எழுதியதையே எழுதினேன். பெற்றோர் விருப்பம். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அவர் கையில் கொடுத்தேன்.