எஸ்தர் சொல்லும் வரி

எங்கள் சபையில் ஒரு விழாவுக்கு, கிறிஸ்தவக் கல்வியின் பொருளும் நோக்கமும் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் என்றால் எதைப் பற்றியும் பேசுவாள் என்று ஒரு நம்பிக்கை. குறிப்பெழுத உட்கார்ந்தால் நோக்கம் ஒன்றும் வரவில்லை. சிலேட்டில் தேய்த்த கோவையிலையின் பச்சை வாடைதான் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம், எனக்கு முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில்; மற்ற நாளில் பீடத்துக்குத் திரை போட்டுவிட்டுப் பாடம் நடத்துவோம். காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்ததே அங்கே பெரிய பாடம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அந்த அறிவெல்லாம் ஏது? யாரும் வெறுமனே வாயசைத்து ஏமாற்றக் கூடாது என்பதுதான் என் கவலை. அதனால் மாலை மணிக்கு முன் சொல்லும் பைபிள் சங்கீதத்தை ஆளுக்கொரு வரியாகப் பிரித்துக் கொடுத்திருந்தேன்.

நடுவில் ஒரு வரி எஸ்தருடையது. மூன்றாம் வகுப்பு. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அடக்கம் முடிந்து பள்ளி திறந்த அன்று, சங்கீதம் அவள் வரிக்கு வந்ததும் பிள்ளைகள் நிறுத்தினார்கள். அந்த வரியைச் சொல்ல ஆகும் நேரம் மட்டும் மௌனம். பிறகு அடுத்த பிள்ளை தன் வரியைத் தொடங்கியது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மிஷனிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள், ஜெபத்தில் ஓட்டை இருந்தால் நன்றாக இராது என்றார் தலைமையாசிரியர். நியாயம்தான். எஸ்தருக்குப் பக்கத்தில் உட்காரும் செல்வியிடம், அந்த வரியையும் சேர்த்துச் சொல் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அவ சொல்லிக்கினு கீறா டீச்சர்" என்றாள். கேலி இல்லை, பயமும் இல்லை. பயந்தது நான்தான்.

அன்று ஜன்னலுக்கு வெளியே எஸ்தரின் அம்மா ராகேல் நின்றிருந்தாள், நடவு முடித்து வந்த சேற்றுக் காலோடு. தினமும் அந்த நேரத்துக்கு வருவாளாம், நான்தான் கவனித்ததில்லை.

"அத்த வேற யாருக்கும் குடுத்துடாதீங்க டீச்சரம்மா. அந்த ஒரு வரி நேரம் எம் பொண்ணு உள்ள கீறா. நான் வெளிய நின்னு கேட்டுக்கினு பூடறேன்."

நான் கொடுக்கவில்லை.

மேற்பார்வையாளர் வந்தபோது, பிள்ளைகளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து அவரே வரியை எடுத்துக்கொடுத்தார். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசியவரைப் பார்ப்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மாற்றலாகி வேறு ஊர் போன பிறகு, எண்பதுகள் முடியும் சமயத்தில் ஒருமுறை அங்கே போனேன். எஸ்தர் இறந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அதே இடத்தில் நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டேன். "அங்க ஒருத்தங்க சொல்லுவாங்க" என்றது ஒரு வாண்டு.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. பிள்ளைகளை வேன் வந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு அள்ளிக்கொண்டு போகிறது. கட்டடத்தை இடித்த அன்று ராகேல் வந்து மண்ணில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாளாம். மகளைக் குழியில் இறக்கும்போதுகூட அழாதவள் என்று செல்வி சொன்னாள்.