மாவுக்கட்டுக்குள் ஏழாவது வாரம்

மாவுக்கட்டு போட்டபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. நெஞ்சுக்குக் கீழே தொடங்கி இரண்டு கணுக்கால் வரைக்கும் ஒரே கட்டு. தொடைகளை அகற்றி, முழங்கால்களை மடக்கி, நடுவில் ஒரு மரக்குச்சியைக் குறுக்கே வைத்துக் கட்டியிருந்தார்கள். பிறவியிலேயே அவளுடைய இடது இடுப்பு மூட்டு அதன் குழியில் உட்காராமல் நழுவியிருந்தது. நடக்கத் தொடங்கி, வாத்து மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எர்ணாகுளத்துப் பெரிய டாக்டர் மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே தள்ளி வைத்தார்.

"பன்னிரண்டு வாரம். நடுவில் கட்டைப் பிரித்தால் மூட்டு மறுபடியும் வெளியே வரும். அப்புறம் கத்தி வைக்காமல் முடியாது," என்றார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரி கடைவீதியில் மிளகும் சுக்கும் தரம் பார்க்கும் சிறிய சோதனைச்சாலை ஒன்றில் நான் வேலை பார்த்தேன். ரசாயனம் படித்தவள். ஒவ்வொரு சரக்கிலும் ஈரம் எவ்வளவு, பூசணம் உண்டா, கல்லும் மண்ணும் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே மூன்று மாத விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். கணவர் கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய அக்காவும் எங்களோடு இருந்தார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

முதல் நாளே ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையைத் திருப்பிப் போட வேண்டும். தொடை நடுவே மடித்துச் செருகிய வேட்டித் துணியை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். கால்விரல்கள் குளிர்ந்திருக்கின்றனவா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்பதையும் எழுத வேண்டும். வெளியே மழை விடாமல் பெய்தது. கரியடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணிகளைக் காயவைத்தோம். வீடு முழுக்கப் புகையும் ஈரத்துணி வாடையும்தான்.

மதினிக்கு அந்தத் தாளைக் கண்டாலே பிடிக்காது.

"மணி பாத்துச் சோறு ஊட்ட இது என்னடீ, ஆபீஸா?"

"எழுதி வச்சாத்தான் விட்டுப்போகாது மதினி."

"எழுதிக்கோ. ஆனா பிள்ளை முழுங்கவே மாட்டேங்குது, கேட்டியா. கன்னத்துலயே வச்சுக்கிட்டு இருக்கு."

"தட்டு காலியாத்தானே இருக்கு?"

"தட்டு காலியானா வயிறு நெறஞ்சுதுன்னு யாரு சொன்னா?"

இட்லி ஒன்று, புட்டு ஒரு கிண்ணம், ஏத்தப்பழம் பாதி என்று எழுதிக்கொண்டே போனேன். அவளை எடை போட்டுப் பார்க்க வழியில்லை. கட்டோடு தூக்கினால் எப்போதும் கனமாகத்தான் இருந்தாள்.

ஏழாவது வாரம் நாற்றம் தொடங்கியது. முதல் நாள் மூத்திரத் துணி என்று நினைத்தேன். இரண்டாம் நாள் எல்லாத் துணியையும் மாற்றிய பிறகும் இருந்தது. மூன்றாம் நாள், வேலையிலிருந்து வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ளே புண்ணு வந்து அழுகுது. நாளைக்கே போய்க் கட்டை வெட்டச் சொல்லுவோம்."

"வெட்டினா இந்த ஏழு வாரமும் போச்சு."

"போகட்டும். நொண்டினாலும் பிள்ளை உயிரோட இருக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. புண்ணாக இருந்தால் பிரித்தே ஆக வேண்டும். புண்ணா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. காய்ச்சல் இல்லை. விரல்கள் சூடாகத்தான் இருந்தன. அழுகையும் அதிகமில்லை. அவ்வளவும் தாளில் இருந்தது. ஆனால் கட்டுக்குள் பார்க்க முடியாது.

சோதனைச்சாலையில் ஒரு மூட்டை நாறினால், மூட்டை முழுவதும் கெட்டது என்று நாங்கள் எழுதுவதில்லை. மேலே, நடுவே, அடியே என்று குத்தி மாதிரி எடுப்போம். மறுநாள் காலையில் அதையே செய்தேன். கட்டுக்குத் திறந்த வாய்கள் நெஞ்சு, முதுகு, தொடை நடு, இரண்டு கணுக்கால் என்று ஐந்து. ஒவ்வொன்றிலும் மெல்லிய குச்சியில் சுற்றிய பஞ்சை விரல் நீளத்துக்கு விட்டு எடுத்து, மூடியுள்ள ஐந்து சின்ன மருந்துக் குப்பிகளில் போட்டேன். வீட்டுக்குள் மோந்தால் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்று நாளாக அந்த நாற்றத்திலேயே இருந்து என் மூக்கும் மரத்துவிட்டது. அதனால் குப்பிகளைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், எது எங்கே எடுத்தது என்று சொல்லாமல் மதினியிடம் கொடுத்தேன்.

மதினி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"இது வேர்வை. இது மூத்திரம். இதுல ஒண்ணுமில்ல, இதுலயும் இல்ல." கடைசிக் குப்பியில் நின்றார். மறுபடி மோந்தார். "இது புளிச்ச மாவுடீ. மூணு நாள் மறந்துபோன மாவு. பழம்கூட இருக்கு."

அது நெஞ்சுப் பக்கத்துக் குப்பி.

ஒரு கிண்ணத்தில் புட்டும் பழமும் பிசைந்து குழந்தைக்கு இரண்டு வாய் ஊட்டினேன். கிண்ணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் வாயிலிருந்ததைக் கையில் எடுத்தாள். கதவைப் பார்த்தாள். கழுத்துத் துணியைத் தூக்கி, கட்டின் விளிம்புக்குள் வைத்து, ஒரே விரலால் மெதுவாக உள்ளே தள்ளினாள். பிறகு துணியைக் கீழே இழுத்து விட்டாள். அடுத்த வாய்க்கும் அப்படியே.

"கள்ளி," என்றார் மதினி என் தோளுக்குப் பின்னாலிருந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வாரமாக நான் எழுதியது அவள் சாப்பிட்டதை அல்ல, தட்டைவிட்டுப் போனதை.

அன்றைக்கே படகில் எர்ணாகுளம் போனோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டேன். அகன்ற கால்கள் அதற்கு மட்டும் வசதியாக இருந்தன. மாவுக்கட்டின் மேல் சாரல் படாமல் மதினி ரப்பர் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் வாசனை பட்டதுமே கட்டு வெட்டும் பெரிய கத்தரியைக் கையில் எடுத்தார்.

"நாற்றம் வந்தால் பிரிக்க வேண்டியதுதான். வேறு வழியில்லை."

"பெரிய டாக்டர் பார்க்கட்டும். அதுவரைக்கும் தொட வேண்டாம்," என்றேன்.

"அவர் வர நேரமாகும்."

"உட்கார்ந்திருக்கிறோம்."

உட்கார்ந்திருந்தோம். பெரிய டாக்டர் வந்ததும் குப்பிகளை வரிசையாக வைத்து, பார்த்ததைச் சொன்னேன். வயிற்றுப் பக்கம் மட்டும் சிறிதாகத் திறந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் நெஞ்சுக் குப்பியைத் திறந்து மோந்தார்.

"புளிச்ச மாவு என்று யார் கண்டுபிடித்தது?"

"நான்தான்," என்றார் மதினி. "தினமும் மாவு அரைக்கறவளுக்குத் தெரியாதா டாக்டரே?"

வயிற்றுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக வெட்டி எடுத்தார்கள். உள்ளே புட்டும் இட்லியும் கறுத்த பழமும் ஒரு பிஸ்கட்டின் பாதியும் இருந்தன. தோல் சிவந்திருந்தது. கிழிந்திருக்கவில்லை. துடைத்து, மருந்து தூவி, அந்தச் சதுரத்தையே திரும்ப வைத்துத் துணிக்கட்டு போட்டார்கள். பிறகு எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அது கழுவி வரும்வரை நான் எதையும் எண்ணவில்லை, எதையும் எழுதவில்லை. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இருந்த இடத்தில்தான் இருக்கிறது," என்றார். பிறகு கட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே தன் விரல்களை விட்டார். நான்கும் தாராளமாகப் போயின. "இரண்டு போனால் போதும். பிள்ளை மெலிந்துவிட்டது. இன்னும் மெலிந்தால் இந்தக் கட்டு அவளைப் பிடித்து வைக்காது. ஐந்து வாரம் இருக்கிறது. சாப்பிட வைத்தே ஆக வேண்டும்."

திரும்பி வரும்போது படகில் மதினியிடம் சொன்னேன்:

"இனிமே சாப்பாடு உங்க பொறுப்பு. நான் எழுதவும் மாட்டேன், மணியும் சொல்ல மாட்டேன்."

"இப்பவாவது கேட்டியே," என்றார். அவ்வளவுதான்.

அன்று முதல் மதினி அவளை மடியில் கிடத்தி, ஒரு வாய் ஊட்டி, தொண்டை அசையும்வரை பார்த்துக்கொண்டிருந்து, அப்புறமே அடுத்த வாய் ஊட்டினார். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம்கூட ஆனது. சில நாள் குழந்தை அடம்பிடித்து அழும் சத்தம் கேட்டு நான் எழுந்து போகப் பார்ப்பேன். போகவில்லை. பத்தாவது வாரம் விரல் விட்டுப் பார்த்தேன். மூன்றாவது விரல் இறுக்கமாகத்தான் போனது.

பன்னிரண்டாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். மூட்டு உள்ளேயே இருந்தது. கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். அவள் மெலிந்த கால்களைச் சேர்த்து வைக்கத் தெரியாமல், முன்பு இருந்தபடியே அகட்டி மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். அவை இறங்கி வர எத்தனை நாளாகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது, தினமும் வெந்நீரில் உட்கார வைத்து அவளாகவே அசைக்க விடு, நீ இழுக்காதே என்றார். அன்று சாயங்காலமே பெரிய அண்டாவில் வெந்நீர் நிரப்பினேன்.