எண்ணெய்க் கிணற்றுக்குப் பங்காளி, பெட்ரோலுக்கு ஐந்தரை மணி நேரம்

உளுந்து பார்க்கும் வேலையாகத்தான் யங்கோன் போனேன். விருதுநகரில் நான் வேலை செய்யும் பருப்பு மண்டிக்காக, மழை விட்டதும் வருஷம் ஒருமுறை லத்தா பகுதி மொத்த வியாபாரிகளிடம் மாதிரி பார்த்து வருவேன். இந்த முறை நான்கு நாள். மூன்றாம் நாள் புதன்கிழமை வேலை இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன்லியின் ஊரையும் அங்குள்ள கோயிலையும் பார்த்து வரலாம் என்று கிளம்பினேன். பார்த்தேன் என்று சொன்னால் பாதிப் பொய். அன்று நான் நன்றாகப் பார்த்தது போகும் வழியில் தாகேதாவில் ஒரு பெட்ரோல் பங்க் வரிசையைத்தான்.

டாக்சி ஓட்டியவர் ஊ முருகேசன். ஊ என்பது பர்மாவில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அப்பா தமிழர், அம்மா பர்மியர், வீடு தாகேதா. தமிழ் பேசும் டிரைவர் வேண்டும் என்று விடுதியில் கேட்டு வைத்திருந்தேன். போக வர அறுபதாயிரம் கியாட் என்று பேச்சு. காலை ஏழு மணிக்கு லத்தாவிலிருந்து புறப்பட்டோம். எட்டு கிலோமீட்டர் தாண்டியதும் ஏழு நாற்பதுக்கு வண்டி ஒரு நீண்ட வரிசையின் வாலில் நின்றது. முன்னால் எண்ணினேன்: எழுபத்தொரு கார். அதற்கப்பால் வளைவு, தெரியவில்லை.

முருகேசன் இன்ஜினை அணைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒரு ஒதவி கேக்கணும். கேக்கவே கூச்சமா இருக்கு. இன்னிக்கு என் வண்டி நம்பருக்கு எண்ணெ போடுற நாள். விட்டா நாளன்னிக்குத்தான். டாங்கியில தன்லியின் போறதுக்கு இருக்கு, திரும்புறதுக்கு இல்ல. ஆனா பன்னெண்டு மணிக்குள்ள தன்லியின்ல ஒரு ஆபீசுல நான் கையெழுத்துப் போட்டாகணும்."

"என்ன கையெழுத்து அண்ணே?"

"எங்களுக்கு ஒரு எண்ணெக் கெணறு இருக்கு."

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தேன். என் சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் அதெல்லாம் கம்பிவேலிக்கு உள்ளே அரசாங்கத்துடையது. தனி ஆள் ஒருவர் எனக்குக் கிணறு இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். வடக்கே அவர் மனைவியின் ஊரில் ஜனங்களே மூன்று கம்பத்தை முக்காலியாக நட்டுக் கச்சா எண்ணெய் இறைப்பார்கள். பர்மியப் பேச்சில் அந்த எண்ணெய்க்கு யேனான் என்று பெயர். இவருக்கும் இவர் மச்சானுக்கும் சேர்த்து ஒரு கிணறு. மச்சான் இறைக்கிறார், இவர் பங்குக்காரர். இறைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். எடுத்ததை அரசாங்கக் கிடங்குக்கு, அவர்கள் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். கிடங்கு எடுக்காத மாதங்களில் டிரம்மில் காய்ச்சி டீசலாக்கி, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறவர்களுக்கு விற்பது நடக்கும். அது சட்டத்தில் இல்லை. இப்போது புது உத்தரவு: எண்ணெய் குறைந்த கிணறுகளை மூட வேண்டும். மூடச் சம்மதமா, வைத்துக்கொள்ள விருப்பமா என்று பங்குக்காரர்கள் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். யங்கோனில் இருப்பவர்களுக்குத் தன்லியினில். அன்றுதான் கடைசி நாள்.

"மச்சானுக்கு அது ஒண்ணுதான் தொழில். மூணு புள்ளைங்க. நான் போகாட்டி கெணத்த மூடிடுவாங்க" என்றார்.

தான் திரும்பும்வரை வண்டியை வரிசையில் நகர்த்திக்கொண்டிருக்கச் சொன்னார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையைக் காட்டி, பெட்ரோல் பங்கில் அதைத்தான் கருவி வைத்துப் படிப்பார்கள் என்றார். சாவியையும் பணத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தார். தன்லியின் பாலம் வழியாகப் பத்து கிலோமீட்டர்.

அதன்பின் நான் செய்த வேலை கார் தள்ளுவது. இந்த வரிசையில் யாரும் இன்ஜினைப் போடுவதில்லை. கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளால் தள்ள வேண்டும். மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கார் நீளம். பின்னால் நின்ற வேன்காரர் பர்மிய மொழியில் என்னவோ கேட்டார். தெரியாது என்று கையை ஆட்டினேன். அவர் என் சட்டையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு வந்து பின்பக்கத்தைத் தள்ளிக் கொடுத்தார். பதினோரு மணிக்கு எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. ஊர் சுற்ற வந்த இடத்தில் இது என்ன தலையெழுத்து என்று எரிச்சலாகவும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு, எனக்கு முன்னால் ஐந்து கார் இருக்கும்போது, முருகேசன் வந்து சேர்ந்தார். என்னை நகர்த்திவிட்டுத் தோளைக் கொடுத்தார்.

"கையெழுத்துப் போட்டீங்களா அண்ணே?"

"போட்டேன். மூடச் சொல்லித்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"ஆபீசுல என் முறை வர்றதுக்குள்ள மச்சானுக்குப் போன் போட்டேன். சும்மா, கவலப்படாதீங்க, வந்துட்டேன்னு சொல்ல. அவர்தான் சொல்றார், வேணாம், மூடிடுங்கன்னு. கெடங்குல மூணு மாசமா எடுக்கலியாம். வாங்கிக்கிட்டு இருந்த சம்சாரிங்க எல்லாரும் வயல்ல சோலார் தட்டு வச்சுட்டாங்களாம். டிரம் நெறஞ்சு அப்படியே நிக்குதாம். இத்தன நாளா என்கிட்ட சொல்லல. நீங்க பங்கு போட்ட கெணறு, எப்படிச் சொல்றதுன்னு இருந்தாராம்."

"அவர் இனி என்ன செய்வார்?"

"கேட்டேன். சாப்பிட்டீங்களான்னு என்னக் கேட்டார்."

ஒன்று பத்துக்கு எங்கள் முறை. இருபது லிட்டர். குழாயைப் பிடித்த பெண் அட்டையைப் படித்துவிட்டு, பெட்ரோல் போட்டு, அடுத்த காரைக் கைகாட்டினாள். முழுசாக மூன்று நிமிஷம் ஆகவில்லை. முருகேசன் மூடியைத் திருகிவிட்டுக் கையை லுங்கியில் துடைத்தார். துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேன்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியில் ஏறினார்.

தன்லியினுக்கு இரண்டரை மணிக்குப் போனோம். கோயில் நடை சாத்தியிருந்தது. கடைத்தெருவில் இருவரும் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டோம். ஆற்றங்கரையில் கால் மணி நேரம் உட்கார்ந்தோம். திரும்பி லத்தாவுக்கு வரும்போது ஐந்தேகால். பேசிய கூலியில் பாதி போதும் என்றார். நான் முழுதும் கொடுத்தேன். அவருக்கு மறுக்கத் தெம்பில்லை.

போகிறவர்களுக்கு: டாக்சி பேசும்போதே அந்தக் காருக்கு எண்ணெய் போடும் நாள் எது என்று கேளுங்கள். அன்றைக்கென்றால் வேறு கார் பாருங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள். தன்லியினுக்குப் பஸ் நிறைய இருக்கிறது. கோயில் பார்க்க வேண்டுமானால் பதினொன்றுக்குள் போய்ச் சேருங்கள். கழுத்துக்கு ஒரு துண்டும் இரண்டு பாட்டில் தண்ணீரும் இல்லாமல் கிளம்பாதீர்கள். விதிமுறை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் நான் எழுதியதையே நம்பிப் போகாமல் விடுதியில் ஒருமுறை விசாரியுங்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எண்ணெய் எங்கே மிஞ்சுகிறது, எங்கே போதவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கணக்கு பிடிபடவில்லை.

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து, அந்தக் கிணறு என்ன ஆயிற்று என்று முருகேசனுக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் காலையில் குரலாகவே பதில் வந்தது.

"கல்லும் மண்ணும் போட்டு மச்சானே மூடிட்டார் தம்பி. நேத்து சாயங்காலம் பஸ்ஸுல இங்க வந்து சேந்தார். வந்ததுலேருந்து தூங்கிக்கிட்டு இருக்கார். நான் எழுப்பல."